நாய் போன பிறகு

ஒரு மனிதர் தான் சாகப்போவதைத் தன்னால் இயன்ற அளவு தெளிவாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எங்கள் வீட்டு சோபாவில் ஒட்டப்போகும் நாய்மயிரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதைவிட மரியாதையான ஒரு வசனத்தோடு தொடங்கலாம் என்று சில நாள் முயன்று பார்த்தேன். கைகூடவில்லை.

"புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டவர் எங்கள் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பாளர். என்னைவிட இருபது வயது இளையவர், இங்கே ஜெர்மனியிலேயே பிறந்தவர். ஜெர்மனிலும் தமிழிலும் ஒரே வேகத்தில் அதட்டக்கூடியவர். நான் ஓய்வுபெற்றவன். உண்மையைச் சொன்னால் என் முழங்கால்கள்தான் முதலில் ஓய்வுபெற்றன. ஐம்பத்தாறு வயதில் நானும் அவற்றுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். நொய்கெல்ன் பகுதியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பவருக்கு ஒன்று சீக்கிரம் விளங்கிவிடும்: லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அதுவும் நாலாம் மாடியில் இருப்பவருக்குத்தான் நோய்வருத்தம் வரும்.

காயம் கட்டுவது, மாத்திரைப் பெட்டி நிரப்புவது, குளிக்கவார்ப்பது எல்லாம் தொழிற்பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள், என்னைவிடத் திறமாக. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். பயந்துபோய் நிற்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அந்தத் துறையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அந்த மனிதரை லோரென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேறு. நாயின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை அவருடைய நாய்க்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. ஜெர்மனியில் இல்லாத சட்டத்துக்கும் கொஞ்சம் பயந்து வைப்பது நல்லது.

லோரென்ஸ் படையில் நீண்ட காலம் இருந்தவர். ஆப்கானிஸ்தானுக்குப் போய், காலில் காயத்தோடும் காதில் ஓயாத இரைச்சலோடும் திரும்பி வந்தவர். அது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் காயம் மூடும். எல்லோரும் சந்தோஷப்படுவோம். பிறகு ஒருநாள் காரணமில்லாமல் திறக்கும். வாரத்தில் மூன்று நாள் அதைக் கழுவிக் கட்டுவது என் வேலை. எங்கள் அலுவலகக் கணினியில் அவருடைய பெயருக்கு நேரே 'கால்' என்று மட்டும் இருந்தது. அந்த உடம்பில் ஓரளவு சுகமாக இருந்தது கால் ஒன்றுதான் என்று விளங்க எனக்குச் சில மாதங்கள் எடுத்தன.

எனக்கு முன்னால் இரண்டு பேர் அந்த வீட்டுக்கு இனிப் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கத்துகிறார், கதவைத் திறக்கிறாரில்லை, நாய் பெரிது. எனவே என்னை அனுப்பினார்கள். நான் மறுக்கமாட்டேன் என்பது நிறுவனம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

முதல் நாள் நடைச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கண்டேன். சீருடையில் லோரென்ஸ், கையில் துவக்கு, பின்னால் மண்நிற மலை. என் தலைமுறை யாழ்ப்பாணத்தானுடைய வயிற்றுக்கு, அது எந்த நாட்டுச் சீருடை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வயிறு உடனே முடிவெடுத்துவிடும். நோயாளிக்குக் காலை வணக்கம் சொல்வதற்கு முன் அவருடைய கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்ட ஒரே பராமரிப்பாளன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வீட்டுக்கு விதிகள் இருந்தன. மூன்று தரம் தட்டவேண்டும். பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். உள்ளே மூன்று பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறபடும். திரைச்சீலைகள் எந்நேரமும் மூடியே இருக்கும். அவருடைய கதிரை அறையின் மூலையில், முதுகு சுவரோடு, முகம் வாசலைப் பார்த்தபடி. ஜன்னலுக்கு முதுகு காட்டி அவர் இருந்ததை நான் கண்டதில்லை. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற எங்கள் பழக்கத்தால் இரண்டாம் நாளே திட்டு வாங்கினேன். "சத்தமில்லாமல் எனக்குப் பின்னால் வராதீர்கள்" என்று கத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மட்டும் சப்பாத்தோடு, பாடசாலைப் பிள்ளை அணிவகுப்பில் போவதுபோல நிலத்தில் அடித்து அடித்து நடந்தேன்.

நாயின் பெயர் புரூனோ. கறுப்பு, கன்றுக்குட்டி அளவு. ஊர் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடிய எவனும் நாயை மனிதனின் நண்பன் என்று சொல்லமாட்டான். நான் வந்ததும் அது என் சப்பாத்தை மணந்துவிட்டு, எனக்குத் துணிவு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படியே கோடை போய் இலையுதிர்காலம் வந்தது. ஒருநாள் காலைக் கழுவிப் பாதி கட்டியிருப்பேன். கீழே பாரவண்டி ஒன்றிலிருந்து சாரக்கட்டு இரும்புக் குழாய்களை ஒரேயடியாகத் தெருவில் கொட்டினார்கள். அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது மேசையின் அடிப்பலகை. நான் அதன் கீழே இருந்தேன். எனக்குப் பக்கத்தில், முழங்கை என் விலாவில் முட்ட, லோரென்ஸ். அவருடைய காலிலிருந்து கழன்ற துணி மேசைக்கு வெளியே நீண்டு கிடந்தது. புரூனோ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தது.

"உங்களுக்கும் பயிற்சி இருக்கிறதே" என்றார், மூச்சு வாங்க.

"பயிற்சி இல்லை. பழக்கம்."

"எங்கே பழகினீர்கள்?"

"வீட்டில்."

அவர் கழன்ற துணியை இழுத்துச் சுருட்டினார். "நாங்களாவது சம்பளம் வாங்கினோம்" என்றார் கடைசியில்.

அதன்பிறகு எனக்குக் கோப்பி கிடைத்தது. நட்பு என்று சொல்லமாட்டேன். ஒரே மேசைக்குக் கீழே ஒளித்த இருவருக்குள் இருக்கக்கூடிய ஒரு வெட்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஏதாவது சொல்வார். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை வருவதில்லை. காதுக்குள் கேட்கிற இரைச்சல், எல்லாம் அமைதியாக இருக்கும்போதுதான் கூடுகிறது. மனைவி போய்விட்டாள், அவளில் பிழை இல்லை. "அங்கே பயந்தேன், பயப்படக் காரணம் இருந்தது. இங்கே பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறேன். பாண் கடையில் என்ன இருக்கிறது? ஆனால் உடம்பு அதையேதான் சொல்கிறது."

நான் தலையாட்டுவேன். நல்லாகத் தலையாட்டுவேன். அதற்காகவே எனக்கு ஒரு சான்றிதழ் தந்திருக்கலாம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் கேட்டார்: "உங்கள் வீட்டில் பால்கனி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"பிள்ளைகள்?"

"வளர்ந்துவிட்டார்கள்."

"மனைவி நல்லவரா?"

"பெரும்பாலும்" என்றேன், யாரும் ஒலிப்பதிவு செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு.

"புரூனோ உங்களுக்குப் பழகிவிட்டான். எனக்கு முடியாமல் போனால் அவனை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் சொன்னதை இன்னொரு தரம் வாசியுங்கள். உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் மண்டைக்குள் ஓடியது வேறு. சாமியறை இருக்கிற வீடு. வெள்ளிக்கிழமையில் நிலத்தில் மயிர். கிறீம் நிறச் சோபா. அந்தச் சோபாவைத் தெரிவுசெய்தவளின் முகம்.

நான் வாழ்க்கையில் ஒருவருக்கும் முகத்துக்கு நேரே 'ஏலாது' என்று சொன்னதில்லை. எங்கள் மொழியில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. மற்றவர்கள் பாவிக்கக் கேட்டிருக்கிறேன். நாங்கள் 'பாப்பம்' என்போம். கலியாணத்துக்குக் குடும்பத்தோட வரவேணும். பாப்பம். அந்தக் காணியைத் தாறியளோ? பாப்பம். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், அது நடக்கப்போவதில்லை என்று. ஒருவர் முகமும் கறுக்காது. அப்படியே ஜெர்மனிலும் சொன்னேன். பார்ப்போம், பார்ப்போம், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். கூடவே முகம் நிறையச் சிரிப்பு.

லோரென்ஸ் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றி. பெரிய பாரம் குறைந்தது" என்றார்.

என் பண்பான மறுப்பை அவர் பண்பாக ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். ஆயுளில் பாதியைப் படையில் கழித்த ஒரு ஜெர்மன்காரருக்கு, சிரித்தபடி கைகுலுக்கியவன் பொறுப்பேற்றுக்கொண்டவன். இது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

வீட்டில் இதை ஒரு பகிடியாகச் சொன்னேன்.

"நாயோ? இந்த வீட்டிலையோ?" என்றாள் மனைவி. "நாய் ஒரு வாசலாலை வந்தால் நான் மற்ற வாசலாலை போவன்."

"எங்களுக்கு ஒரு வாசல்தானே இருக்கு."

"பகிடியை விடுங்கோ. அந்தாள் ஏன் நாயைக் குடுக்குது? அது ஒண்டுதானே அந்தாளுக்கு இருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"ஆருக்குத் தெரியும்" என்றேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

வியாழக்கிழமை காலை நாலாம் மாடியில் ஏறி நின்று, வழக்கம்போல மூச்சு வாங்கி, தட்டுவதற்குக் கையை ஓங்கினேன். கதவு நீக்கலாக இருந்தது.

மூன்று பூட்டுப் போட்ட கதவு அது. ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. உள்ளே வெளிச்சம். அந்த வீட்டுக்குள் பகல் வெளிச்சத்தை நான் கண்டதே இல்லை. நான் தட்டினேன். பெயரைச் சொன்னேன்.

"வாருங்கள், திறந்துதான் இருக்கிறது" என்றார் லோரென்ஸ். இனிமையான குரல். அதுதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது.

நடையில் நாயின் சாமான்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கூடை, மடித்த போர்வை, தீன்பை, கழுவித் துடைத்த இரண்டு கிண்ணங்கள், மேலே சுருட்டிவைத்த தோல் வார். வீடு கூட்டித் துடைத்திருந்தது. திரைச்சீலைகள் முழுக்கத் திறந்திருந்தன. லோரென்ஸ் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு இருந்தார். கதிரை அறையின் நடுவில் இருந்தது. ஜன்னல் அவருடைய முதுகுக்குப் பின்னால்.

"உங்கள் முழங்கால் எப்படி?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் என் முழங்காலைப் பற்றிக் கேட்டதில்லை.

அவரைக் கண்டு நான் பயந்த நாட்கள் உண்டு. அது சத்தத்தோடு வருகிற பயம். உடம்பு அதற்குப் பழகிவிடும். இது வேறு. எங்கள் ஊரில் இராணுவக் காவலரணில் ஆட்கள் நின்றபோதெல்லாம் பயந்தபடி சோறு சமைத்தோம், பயந்தபடி பள்ளிக்கூடம் போனோம். ஒருநாள் விடிய எழும்பிப் பார்க்கும்போது அந்தக் காவலரண் வெறுமையாக இருந்தால், அன்றைக்குத்தான் ஊரே வாயடைத்துப் போய் நிற்கும். ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? இனி என்ன வரப்போகிறது? லோரென்ஸ் பத்து வருடமாகத் தனக்குத்தானே காவல் நின்றவர். அன்று காலை அவர் காவலை விட்டுவிட்டார். அந்த அறையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"காலைப் பார்ப்போமா?" என்றேன்.

"கால் இன்றைக்கு வேண்டாம். புரூனோவைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். சொன்னபடி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்."

சொன்னபடி. நான் சொன்னபடி. என் 'பார்ப்போம்' அந்தக் கூடையாகவும் கிண்ணமாகவும் வாசலில் அடுக்கப்பட்டிருந்தது. அந்த மனிதரை இந்த உலகத்தோடு கட்டிவைத்திருந்த கடைசிக் கயிறு ஒரு நாயின் கழுத்தில் இருந்தது. அந்த முடிச்சைச் சிரித்த முகத்தோடு அவிழ்த்து விட்டவன் நான்.

எனக்கு ஓடவேண்டும்போல் இருந்தது. இதை மறைக்கமாட்டேன். அடுத்த நோயாளிக்குக் கொடுத்த நேரம், தெர்மின், இருக்கிறது என்று சொல்லலாம். உண்மையிலேயே இருந்தது, பக்கத்துத் தெருவில், இன்சுலின் போடவேண்டிய இனிப்பு வருத்தக்கார அம்மா ஒருவர். நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கி, கீழே நின்று யாருக்காவது தொலைபேசி எடுக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. கேட்க நல்ல யோசனை. அந்தப் படிகளில் நாயோடு இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் சில வேளை நினைத்துப் பார்ப்பதுண்டு.

"கை கழுவிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிக் குசினிக்குள் போனேன். அங்கிருந்து அவருடைய தோளும் கதிரையும் தெரிந்தன. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, ஏன் மெல்லக் கதைக்கிறியள்? தண்ணிச் சத்தம் வேறை கேக்குது."

சொன்னேன். கதவு, திரைச்சீலை, கூடை. தமிழில் சொன்னதால் வேகமாகச் சொல்ல முடிந்தது.

"நேர கேட்டனீங்களோ?"

"என்னத்தை?"

"சாகிற யோசினை இருக்கோ எண்டு."

"பிள்ளை, அதை எப்பிடிக் கேக்கிறது?"

"வாயாலை."

நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 'போறன்' என்றுகூடச் சொல்லாத ஆட்கள். 'போட்டு வாறன்' என்போம். படுத்த படுக்கையில் இருப்பவருக்கு முன்னால், 'ஏதும் ஒண்டு நடந்தால்' என்று எட்டுத் தெரு சுற்றிவருவோம். அந்தச் சொல்லை வாயால் எடுத்தால் அது வந்துவிடும் என்று எனக்குள் ஒருவன் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தான். அவன் பயிற்சிக்கெல்லாம் போகாதவன்.

"நான் கேட்டு, இல்லாத யோசினையை நானே குடுத்த மாதிரி வந்திட்டால்?"

"வராது அண்ணை. பயிற்சியிலை தெளிவாச் சொன்னவை. நீங்கள் அண்டைக்கு நித்திரை." அவர் குரலைத் தணித்தார். "கேளுங்கோ. நான் இப்பவே நெருக்கடிச் சேவைக்கு எடுக்கிறன். ஆக்கள் வருமட்டும் நீங்கள் அந்த வீட்டை விட்டு அசையப்படாது. நாயும் அசையப்படாது. அவர் ஏதும் செய்ய வெளிக்கிட்டால் உடனை நூற்றிப் பன்னிரண்டு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ. விளங்குதோ?"

"எனக்கு அடுத்த வீடு..."

"அடுத்த வீட்டை நான் பாக்கிறன். பயமா இருக்கோ?"

"ஓம்."

"நல்லம். பயத்தோடயே போய்க் கேளுங்கோ. பயம் போனாப் பிறகு கேப்பம் எண்டு நிண்டியள் எண்டால் பிந்திப் போம்."

தண்ணீரை நிறுத்தினேன். கையைத் துடைத்தேன். இன்னொரு தரம் துடைத்தேன்.

அறைக்குள் போய், வாசலுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த முக்காலியில் இருந்தேன். யோசித்து இருந்த இடமில்லை. கால் அவ்வளவு தூரம்தான் கொண்டுபோனது.

"புரூனோவை நான் எடுக்கமாட்டேன்" என்றேன்.

லோரென்ஸின் முகத்திலிருந்து அந்த இனிமை போயிற்று. "செவ்வாய்க்கிழமை ஒப்புக்கொண்டீர்கள்."

"ஒப்புக்கொள்ளவில்லை. பார்ப்போம் என்றேன். எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம்."

"அப்படியானால் ஏன் முடியாது என்று சொல்லவில்லை?"

"நாங்கள் சொல்வதில்லை."

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" கத்தினார். நாய் எழுந்து நின்றது. "எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டேன். எல்லாம். இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது."

முக்காலியை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். வாயைத் திறந்தேன். முதல் தரம் காற்றுத்தான் வந்தது.

"லோரென்ஸ், உங்களுக்குச் சாகிற எண்ணம் இருக்கிறதா?"

கேட்டுவிட்டேன். கூரை இடியவில்லை. தெருவில் ஒரு பேருந்து நின்று புறப்பட்டது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்" என்றார்.

"இன்றைக்கா?"

"நாய் போன பிறகு."

மூன்று சொல். அவற்றை விளக்கி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

"அப்படியென்றால் நாய் போகாது" என்றேன். "நானும் போகமாட்டேன். உதவிக்கு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறோம், அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன், இப்போது சொல்கிறேன்."

அவர் எழும்புவார் என்று நினைத்தேன். என்னைவிட அரை அடி உயரமானவர். காலில் காயம் இருந்தாலும் என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் போகக்கூடியவர். அவர் எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நெடுநேரம். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். புரூனோ வந்து, அவரிடம் போகாமல், தன் முழுப் பாரத்தோடும் என் காலில் சாய்ந்து படுத்தது. எனக்கு நாய்ப்பயமும் சேர்ந்துகொண்டது. அசையாமல் இருந்தேன்.

ஆட்கள் வரும்வரை அவர் பேசினார். என்ன பேசினார் என்று எழுதமாட்டேன். அது அவருடையது. நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை. ஒவ்வொரு தரமும் அவர் நிறுத்தும்போது, இனி எழும்பிவிடுவாரோ என்று அவருடைய கால்களையே பார்த்தேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம்.

நெருக்கடிச் சேவையிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். சாதாரண உடை. மெதுவாகப் பேசினார்கள், அவரோடு நிலத்தில் இருந்தார்கள், அவசரப்படவில்லை. கடைசியில் அவர் தானாக எழுந்து, தானாகச் சப்பாத்துப் போட்டு, மருத்துவமனைக்குப் போகச் சம்மதித்தார். வாசலில் திரும்பி, "நாய்?" என்றார்.

"நீங்கள் வரும்வரை வைத்திருப்பேன். வந்த அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்குமேல் ஒரு நாளும் வைத்திருக்கமாட்டேன்."

"இது உங்கள் ஊர்ப் பேச்சா, எங்கள் ஊர்ப் பேச்சா?"

"உங்கள் ஊர்ப் பேச்சு" என்றேன்.

அன்று மாலை நாயோடு வீட்டுக்குப் போனது தனிக் கதை. மனைவி கதவைத் திறந்து, நாயைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஆர் இதுக்குக் குளிக்கவாக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சோபாவில் ஒரு கறுப்புக் கம்பளம் முளைத்திருந்தது.

வசந்தம் தொடங்கியபோது லோரென்ஸ் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போனார். இதைச் சுகமாகிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். நீங்கள் பார்க்கப்போகும் இப்படியான மனிதர்கள் பலருக்குப் போர் முடிந்த திகதி கடுதாசியில் மட்டும்தான் இருக்கும். அவருடைய காயம் அதன்பிறகும் திறந்தது. ஒரு தரம் திரும்பவும் மருத்துவமனைக்குப் போனார். அந்தமுறை தானே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். பூட்டு மூன்றும் போட்டார், திரைச்சீலையை மூடினார், மூலைக் கதிரையில் இருந்து என்னைத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு நான் எவ்வளவு நிம்மதியடைந்தேன் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் நோயாளி வழக்கம்போல எரிந்துவிழுந்தால் கவலைப்படாதீர்கள். ஒருநாள் காரணமில்லாமல் இனிமையாகிவிட்டால், வீட்டையும் ஒழுங்குபண்ணி, பிரியமான பொருளையும் யாருக்கோ கொடுத்துவிட்டால், அன்றைக்குப் பயப்படுங்கள். பயந்துகொண்டு நேரே கேளுங்கள். சுற்றிவளைக்காதீர்கள். 'ஏதும் ஒண்டு' என்று கேட்டால் 'ஒண்டுமில்லை' என்றுதான் பதில் வரும். கேட்டதால் ஒருவரும் சாகமாட்டார்கள். கேட்காமல் படியிறங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏறத்தாழ நானும் அவர்களில் ஒருவன். கேட்ட பிறகு தனியே தாங்கிக்கொண்டு நிற்காமல் ஆட்களைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, நோயாளிக்கு 'பார்ப்போம்' என்று சொல்லாதீர்கள். முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. எங்கள் ஆட்களுக்கு இது ஊசி போடப் பழகுவதைவிடக் கஷ்டம்.

நான் வேலையிலிருந்து விலகிய வாரம் அவரிடம் விடைபெறப் போனேன். கோப்பி தந்தார். எனக்கு ஓர் ஆசை இருந்தது. இத்தனை வருட வேலையில் ஒரே ஒரு தரம் சரியான நேரத்தில் சரியானதைச் செய்திருக்கிறேன் என்று அந்த ஆள் வாயால் கேட்கவேண்டும். அதனால் மெதுவாகத் தொடங்கினேன்.

"அன்றைக்கு நான் அதைக் கேட்டபோது நீங்கள் எழும்பிப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? நான் கேட்ட விதமா?"

லோரென்ஸ் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். ஜெர்மன்காரர்கள் கேள்வி கேட்டால் உண்மையாகவே யோசிப்பார்கள், அதுதான் அவர்களோடு உள்ள சிக்கல்.

"இல்லை" என்றார். "உங்கள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. உதடும் வெளுத்துவிட்டது. நீங்கள் இதோ மயங்கி விழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த நிலையில் ஒருவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று படையில் சொல்லித் தந்திருக்கிறார்கள். உங்கள் எடையை இந்தக் காலோடு என்னால் தூக்க முடியுமா என்றுதான் அவ்வளவு நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்."